பத்தாவதுக்கு அப்புறம்: மதுரைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு பிளஸ் ஒன் வழிகாட்டி

மேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் சேர்க்கை மேசையில் என்னையும் உட்கார வைப்பார்கள். வரிசையில் வரும் பெற்றோரிடம் "என்ன குரூப்?" என்று கேட்டால் பாதிப் பேர் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளை தரையைப் பார்க்கும். "நீங்களே பார்த்து ஒன்னு போட்டு விடுங்க டீச்சர்" என்பார்கள். அந்த ஒரு பேச்சில் பிள்ளையின் அடுத்த ஐந்தாறு வருஷம் முடிவாகிவிடுகிறது. அப்படி முடிவாகக் கூடாது. வீட்டில் முதன்முதலாகப் பிளஸ் ஒன் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான் பிள்ளையைக் காக்கிறது. ஒன்பதும் பத்தும் அதே பள்ளியில், அதே ஓட்டத்தில் போய்விடும். அதற்கப்புறம் யாரும் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். எந்தப் பாடம், எந்தப் பள்ளி, எந்த மொழி என்று மூன்றையும் நாமே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "அந்தக் காலத்துல பி.யூ.சி." என்று சொன்னால், இதன் பழைய வடிவத்தைத்தான் சொல்கிறார்கள். 1978-க்கு முன்னால் பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, கல்லூரிக்குள் போய் ஒரு வருஷம் பி.யூ.சி. படிப்பார்கள். 1978-இல்தான் மேல்நிலை வகுப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்தது.

முடிவு வருவதற்கு முன்னால்

பரீட்சை ஏப்ரலில் முடிந்துவிடும். அப்புறம் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிப் போன பிறகும் முடிவு வரச் சில நாள் இருக்கும். அந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

சாதிச் சான்றிதழ் நிரந்தர அட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். முடிவு வந்த வாரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. வருமானச் சான்றிதழையும் சேர்த்தே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது பெயர். ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு மூன்றிலும் பிள்ளையின் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியைத்தான் வாழ்நாள் முழுக்க ஆதாரமாகக் கேட்பார்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிற்பாடு பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் அலைய வேண்டியிருக்கும். பிழை கண்ணில் பட்டால் தலைமையாசிரியரிடம் உடனே எழுதிக் கொடுங்கள்.

பிள்ளையின் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கும், அதனுடன் ஆதார் இணைப்பும் வேண்டும். உதவித்தொகை எல்லாம் அந்தக் கணக்குக்குத்தான் வரும், அப்பா அம்மா கணக்குக்கு வராது.

இன்னொன்று. பத்தாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். பரீட்சை முடிந்த மறுநாளே எடைக்குப் போட்டுவிட்டு, ஆகஸ்டில் என்னிடம் வந்து "டீச்சர், பத்தாவது கணக்குப் புத்தகம் இருக்குமா?" என்று கேட்கும் பிள்ளைகள் வருஷாவருஷம் உண்டு. எதற்கு வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முடிவு வரும் நாள்

தேர்ச்சி பெற்றால் மகிழ்ச்சி. ஒரு பாடத்தில் போய்விட்டால் பயப்பட வேண்டாம், வருஷம் போகாது. துணைத் தேர்வு என்று சில வாரங்களிலேயே ஒன்று நடத்துவார்கள். அதில் தேறினால் அதே வருஷம் பிளஸ் ஒன் சேரலாம். அதற்கு விண்ணப்பிக்கத் தருவது சில நாட்கள்தான். படித்த பள்ளிக்கு அன்றே போய்க் கேட்டுவிடுங்கள்.

பிள்ளையை அன்றைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். மனது தாங்காமல் இருந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் பேசலாம். தேர்வு, சேர்க்கை, மனக்கஷ்டம் எல்லாவற்றுக்கும் அதில் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

தங்கச்சிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "பத்தாவது போதும், மாப்பிள்ளை வந்திருக்கு" என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பேர் வெளியே வராது. உங்கள் வகுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள். 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது குற்றம். இதை நாங்கள் வீட்டுக்கே வந்து பேசி நிறுத்தியிருக்கிறோம்.

எந்த குரூப்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிளஸ் ஒன்னில் ஆறு பாடம்: தமிழ், ஆங்கிலம், அப்புறம் நான்கு முக்கியப் பாடங்கள். பாடத்துக்கு 100 வீதம் 600 மதிப்பெண். முன்பு பாடத்துக்கு 200 என்று 1200 இருந்ததை 2017-18-இல் மாற்றினார்கள். பழைய 1200 கணக்கை வைத்துப் பேசும் சித்தப்பாக்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

"நம்ம பிள்ளை என்ன ஆகணும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். 15 வயதில் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. அதற்குப் பதிலாக, இந்த குரூப்பை எடுத்தால் எந்தக் கதவு மூடும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு.

இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் சேர்ந்ததை ஊரில் ஃபர்ஸ்ட் குரூப் என்பார்கள். இதில் எந்தக் கதவும் மூடாது. ஆனால் நான்கும் கனமான பாடம். நான்கையும் தூக்கப் பிள்ளையிடம் நேரமும் விருப்பமும் இருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் எடுத்தால் பொறியியல், கணினிப் படிப்புகள் எல்லாம் திறந்திருக்கும். மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் மூடிவிடும். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்தால் மருத்துவம், நர்சிங், மருந்தாளுநர் படிப்பு எல்லாம் உண்டு, பொறியியல் கிடையாது. கணிதம் பிடிக்காமல் ஓடி இந்த குரூப்பில் சேர்ந்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து "இன்ஜினியரிங் கவுன்சிலிங் போகலாமா டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளையிடம் இல்லை என்று சொல்வது எனக்கு மிகவும் கஷ்டமான வேலை.

பொறியியல் கவுன்சிலிங்கில் இடம் தரப் பார்க்கும் மதிப்பெண்ணைக் கட்ஆஃப் என்பார்கள், அது 200-க்கு. கணிதம் 100-க்கு அப்படியே வரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50 வரும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்ஆஃபில் முழு ஒன்று போகும். இயற்பியலில் போனால் அரைதான் போகும். திருப்பரங்குன்றம் சாலையில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் அந்த அரையும் ஒன்றும்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. கணிதத்தில் கால் ஊன்ற முடியாத பிள்ளையைப் பொறியியல் ஆசையில் இழுத்துப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மருத்துவத்துக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் கிடையாது, நீட் தேர்வு எழுத வேண்டும். அதைத் தமிழிலேயே எழுதலாம். நீட்டுக்கான பாடத்தில் பாதி பதினொன்றாம் வகுப்பிலிருந்து வருகிறது என்பதை மட்டும் இப்போதைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் குரூப்பைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, மார்க் குறைந்த பிள்ளைக்கு என்று. எனக்கு அது பிடிக்காத பேச்சு. கணக்குப்பதிவியலை யாரும் பத்தாவது வரை படித்ததே இல்லை. பற்று எது, வரவு எது என்பதை எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டிலிருந்து தொடங்குகிறார்கள். பத்தாவதில் தடுமாறிய பிள்ளை இங்கே முதல் வரிசைக்கு வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டயக் கணக்காளர் ஆக நினைத்தால் இதுதான் நேர்வழி. இதிலேயே நான்காவது பாடமாகக் கணினிப் பயன்பாடுகள் தரும் பள்ளியும் உண்டு, வணிகக் கணிதம் தரும் பள்ளியும் உண்டு. சேரும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் படித்த பிள்ளைக்குச் சட்டப் படிப்பும் அரசுப் போட்டித் தேர்வும் நன்றாக ஒத்துவரும். ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் மொழிப் பாடங்களைத் தவிர்த்த நான்கு பாடத்தின் 400-ஐத்தான் பார்க்கிறார்கள். அதனால் பிள்ளை நன்றாக எடுக்கக்கூடிய நான்கு பாடம் எது என்பதுதான் உண்மையான கேள்வி. தொழிற்கல்விப் பிரிவும் இருக்கிறது: அடிப்படை இயந்திரவியல், மின்னியல், வேளாண் அறிவியல், செவிலியம் என்று. எல்லாப் பள்ளியிலும் இருக்காது. கையால் வேலை செய்து கற்கும் பிள்ளைக்கு அது ஒத்துவரும்.

தேர்ந்தெடுக்க நான் சொல்லும் வழி எளிது. பக்கத்து வீட்டு அக்காவிடம் பிளஸ் ஒன் இயற்பியல், உயிரியல், கணக்குப்பதிவியல் புத்தகங்களை மூன்று நாளைக்கு வாங்குங்கள். கிடைக்கவில்லையா, பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லாப் புத்தகமும் இலவசமாக இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் முதல் பாடத்தைப் பிள்ளை தானாகப் படிக்கட்டும். எதில் பத்துப் பக்கம் தாண்டியும் புத்தகம் கீழே விழாமல் இருக்கிறதோ அந்தப் பக்கம் யோசியுங்கள்.

பள்ளியை மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் அண்ணன் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை அரசுப் பள்ளி. நல்ல மார்க். முடிவு வந்த மறுநாளே ஒரு தனியார் பள்ளியிலிருந்து ஆள் வந்து, பாதிக் கட்டணம் போதும், வேன் வீட்டு வாசலுக்கே வரும் என்றார்கள். அண்ணனுக்குச் சந்தோஷம். நான் அந்த வாரம் சேர்க்கை மேசையில் இருந்தேன், வீட்டுப் பக்கம் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிச் சேர்த்து முடித்திருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கவுன்சிலிங் நேரத்தில்தான் வீட்டில் புரிந்தது, அந்த மாறுதலோடு அவள் என்னவெல்லாம் விட்டுவிட்டாள் என்று. சேர்த்தவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் நேரத்துக்குச் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் இது நடக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு வருஷம் மட்டும் தனியாருக்குப் போனால் இவ்வளவும் போய்விடும். ஏழு வருஷமும் வேண்டும். எட்டாவது வரை இலவசக் கட்டாயக் கல்வி ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது.

மாநகராட்சிப் பள்ளிகளும், உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிகள்தான். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி, அதாவது தனியார் நிர்வாகம் நடத்தி அரசு பண உதவி தரும் பள்ளி, இதில் வராது. மதுரையில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நகருக்குள் பேர் பெற்ற பழைய பள்ளிகள் பலவும் உதவி பெறும் பள்ளிகள்தான். பாரதியார் 1904-இல் சில மாதம் தமிழாசிரியராக இருந்த சேதுபதி பள்ளியும் அந்த வகைதான். அங்கே நல்ல படிப்பு கிடைக்கும், நானே பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன். 7.5-ஐ நம்பியிருக்கும் வீடு மட்டும் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கும், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. கல்லூரிப் பிள்ளைக்குப் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அந்த ஆயிரம் போதும். வீட்டில் கையேந்தாமல் படிக்கும் பெண்ணின் முகம் எப்படி மாறுகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாவதில் தேசிய திறனறித் தேர்வில் தேறி மாதம் 1,000 வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையா? பத்தாவதில் 60 விழுக்காடு எடுத்து (பட்டியல் இனப் பிள்ளைகளுக்கு 55 போதும்), அரசு அல்லது உதவி பெறும் பள்ளியில் தொடர்ந்தால்தான் பிளஸ் ஒன்னிலும் வரும். புதுப் பள்ளியில் சேர்ந்த உடனே அதைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பழைய பள்ளி செய்யும் என்று இரண்டு பக்கமும் விட்டுவிட்டால் நின்றுபோகும்.

இவ்வளவும் சொன்னதால் தனியார் பள்ளிக்கே போகக் கூடாது என்று அர்த்தமில்லை. உங்கள் ஊர்ப் பள்ளியில் நீங்கள் கேட்கும் குரூப் இல்லாமல் இருக்கலாம், இயற்பியலுக்கு ஆசிரியர் இடம் காலியாக இருக்கலாம். போய்க் கேளுங்கள்: நான்கு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா? ஆய்வகம் பூட்டியே கிடக்கிறதா, பிள்ளைகள் கையில் சோதனைக் குழாய் பிடிக்கிறார்களா? பதினொன்றாம் வகுப்பில் பதினொன்றாம் வகுப்புப் பாடம்தான் நடக்கிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம், அதற்கு வருகிறேன்.

அப்புறம் பஸ். கொட்டாம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ மதுரை நகருக்குள் தினமும் வந்து போகும் பிள்ளை காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வீடு சேரும். அந்தப் பிள்ளைக்குப் படிக்க மிஞ்சுவது ஒரு மணி நேரம். பள்ளி எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் அந்த நேரத்தைத் திருப்பித் தர முடியாது. பக்கத்தில் மேலூரிலோ திருமங்கலத்திலோ அதே குரூப் கிடைத்தால் அங்கே சேருங்கள். பள்ளிப் பிள்ளைக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பயணம். அரசு, உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைக்கு விலையில்லா சைக்கிளும் உண்டு.

தமிழ் வழியா, ஆங்கில வழியா

பத்தாவது வரை தமிழ் வழியில் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாற்றுவது இப்போது நிறைய நடக்கிறது. முதல் மூன்று மாதம் பாடத்தோடு மொழியும் சேர்ந்து அமுக்கும். எழுந்து வரும் பிள்ளைகள் உண்டு, அமுங்கிப் போகும் பிள்ளைகளும் உண்டு. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த திருத்தத்துக்கு அப்புறம், பட்டப்படிப்பு கேட்கும் வேலைக்குப் பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இடையில் இரண்டு வருஷம் மாறினால் அந்தச் சான்றிதழ் கிடைக்காது. என் யோசனை: தமிழ் வழியிலேயே இருங்கள், ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொல்லையும் ஆங்கிலத்திலும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். புத்தகத்தின் பின்னாலேயே அந்தப் பட்டியல் பல பாடங்களுக்கு இருக்கிறது.

பிளஸ் ஒன் வேண்டாம் என்றால்

பாலிடெக்னிக் மூன்று வருஷம். முடித்தால் பொறியியலில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். மதுரையில் தமிழ்நாடு பாலிடெக்னிக்கும், பெண்களுக்கான அரசு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. கே.புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்துப் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் சேரவும் வழி உண்டு. மெஷின் சத்தம் பிடித்த பிள்ளைக்கு அது நல்ல வழி.

சேர்க்கை நாள்

பத்தாம் வகுப்புத் தற்காலிக மதிப்பெண் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ. எல்லாவற்றிலும் நகல் மூன்று. எமிஸ் எண்ணை (கல்வித்துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு இருக்கும் எண்) பழைய பள்ளியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பள்ளிக்குப் பிள்ளையின் பதிவு மாறிவிட்டதா என்று ஒரு வாரம் கழித்து விசாரியுங்கள். சி.பி.எஸ்.இ.-யிலிருந்து வரும் பிள்ளைக்கு இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும்.

"மார்க் பத்தலை, அந்த குரூப் முடிஞ்சிருச்சு" என்றால் அப்படியே திரும்பிப் போகாதீர்கள். பிளஸ் ஒன் சேர்க்கையிலும் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. உங்கள் பிரிவுக்கு எத்தனை இடம், எத்தனை நிரம்பியது என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதல் மூன்று மாதம்

இங்கேதான் பிள்ளைகள் உடைகிறார்கள். பத்தாவதில் 450 எடுத்த பையன் முதல் இடைப்பருவத் தேர்வில் வேதியியலில் 28 எடுப்பான். வீட்டில் சொல்ல மாட்டான். சோம்பேறித்தனம் இல்லை அது. பத்தாவதில் அறிவியல் என்று ஒரே புத்தகம். இப்போது இயற்பியல், வேதியியல், கணிதம் ஒவ்வொன்றும் இரண்டு தொகுதி. வினா விடை மனப்பாடம் செய்த பழக்கம் இந்தக் கனத்துக்கு முன் நிற்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வேதியியலில் முதல் பாடமே மோல் கணக்கு. இதன் வேர் பத்தாவது அறிவியலில் அணுக்களும் மூலக்கூறுகளும் பாடத்தில் இருக்கிறது. அதைக் குருட்டு மனப்பாடமாகக் கடந்து வந்த பிள்ளை இங்கே தொடக்கத்திலேயே மாட்டிக்கொள்ளும். மே, ஜூன் விடுமுறையில் அந்த ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் போதும், என் வகுப்பில் முதல் மாதம் கஷ்டமே இருக்காது.

இயற்பியலில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டாவது பாடமான இயக்கவியலிலேயே வெக்டரும் வகையிடலும் தொகையிடலும் வந்துவிடும். கணித வகுப்பில் அவை வருவது இரண்டாம் தொகுதியில், பல மாதம் கழித்து. அதனால் இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவது புரியவில்லை என்றால், "நமக்கு மூளை இல்லை" என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. இன்னும் சொல்லித் தராத கணக்கை வைத்துத்தான் பாடம் நடக்கிறது. கணித ஆசிரியரிடம் போய், வகையிடல் என்றால் என்ன என்று இரண்டு மதியம் கேட்டுக்கொண்டால் போதும். கேட்டால் மறுக்கும் ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை. பத்தாவது முக்கோணவியலையும் ஒருமுறை புரட்டி வைத்துக்கொள்ளுங்கள், கணிதம், இயற்பியல் இரண்டுக்கும் அது வேண்டும்.

டியூஷனுக்கு ஜூன் மாதமே ஓடாதீர்கள். அன்று நடத்தியதை அன்று இரவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்க்கும் பழக்கம் இரண்டு மாதம் வரட்டும். அப்புறமும் ஒரு பாடம் பிடிபடவில்லை என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் போகலாம். வீட்டில் இடமோ அமைதியோ இல்லாத பிள்ளைகள், மதுரைக்குப் பக்கத்தில் இருந்தால், சனி ஞாயிறுகளில் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். 2023 ஜூலையில் திறந்தது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் அங்கே இடம் உண்டு.

ஆய்வக வகுப்பைத் தவறவிடாதீர்கள். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மற்றப் பாடத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10.

பொதுத்தேர்வு இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்

பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18-இல் பொதுத்தேர்வு வந்தது. 2025-26-லிருந்து அது நீங்கிவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்ததில் எனக்கு நிம்மதி. ஆனால் ஒரு பழைய வழக்கம் திரும்பிவிடுமோ என்று பயப்படுகிறேன். பொதுத்தேர்வு இல்லாத காலத்தில் சில தனியார் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துவார்கள். பிளஸ் டூ மதிப்பெண் வரும். ஆனால் பிள்ளை நீட்டிலோ, ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்விலோ பாதி வினாத்தாளுக்கு முன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பொறியியல் கல்லூரியில் முதல் பருவத்துக் கணக்கில் அரியர் விழும். ஜூலை மாதம் ஒருநாள் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். பாடத்தின் பெயர் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறதா என்று மட்டும் ஒத்துப் பாருங்கள். அதைப் பார்க்க உங்களுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

பழைய புத்தகம் எதற்கு என்றால்

பத்தாவது புத்தகத்தை வைத்துப் படித்து எழுதும் உதவித்தொகைத் தேர்வு இரண்டு இருக்கிறது. தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேறும் 1,500 பிள்ளைகளுக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் தருகிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. கேள்வி எல்லாம் பத்தாம் வகுப்புத் தமிழ் நிலையில்தான். இன்னொன்று முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். 500 மாணவர், 500 மாணவியரைத் தேர்ந்தெடுத்து, பட்டப்படிப்பு முடியும் வரை வருஷத்துக்கு 10,000 ரூபாய். இதற்கு ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதம், அறிவியல், சமூக அறிவியல். பத்தாவது படித்த சூடு ஆறுவதற்குள் எழுதும் தேர்வு இவை. பள்ளி மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜூலையிலிருந்தே வகுப்பாசிரியரிடம் தேதி வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருங்கள்.

குரூப் தப்பாகிவிட்டது என்று தோன்றினால்

முதல் சில வாரத்தில் தோன்றினால் வெட்கப்படாமல் சொல்லட்டும். பிள்ளை சொன்ன அன்றே தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோங்கள். சேர்க்கை முடிந்து பதிவேடு மூடுவதற்கு முன் என்றால், வேறு குரூப்பில் இடம் இருந்தால் மாற்றித் தருவோம். காலாண்டுத் தேர்வு வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தால் அப்புறம் எங்கள் கையில் இல்லை. கடிதத்தில் பிள்ளையின் பெயர், எமிஸ் எண், இப்போதைய குரூப், கேட்கும் குரூப், காரணம் இரண்டு வரி. அப்பாவோ அம்மாவோ கையெழுத்து, பிள்ளையும் கையெழுத்து. வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். "என்ன குரூப் வேணும்?" என்று நான் அந்தப் பிள்ளையிடம்தான் கேட்பேன்.